கொடி அசையும் முன்னே: வண்டிப் பந்தயத்தில் முந்தப் போகும் ஜோடியைக் கணிப்பது எப்படி

சாயல்குடி, கடலாடி, ஏர்வாடி, தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கரையில் எந்த ஊரில் வண்டிப் பந்தயம் என்றாலும், முதல் நாள் ராத்திரியே டீக்கடையில் "எந்த ஜோடிப்பா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். பலரும் கொம்பையும் திமிலையும் பார்த்து, உரிமையாளர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டு, அதோடு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தனி மாட்டின் அழகு அங்கே ரொம்பப் பேசாது. இரண்டு மாடு, ஒரு நுகத்தடி, ஒரு சாரதி, ஒரு துணைச்சாரதி, இவை நான்கும் எப்படி ஒட்டிப் போகின்றன என்பதுதான் திரும்பி வரும் பாதையில் பந்தயத்தைத் தீர்மானிக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒட்டுதலைக் கண்டுபிடிக்கும் வழி.

பந்தயம் கட்டுவது பற்றி முதலிலேயே தெளிவாக இருங்கள். பந்தய மைதானத்தில் நடக்கும் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்னது. அந்தத் தீர்ப்பு ரோட்டோரத்தில் மாட்டு வண்டிக்குப் பணம் கட்டுகிறவர்களைக் காப்பாற்றாது. பொது இடத்தில் பணம் வைத்து ஆடுவது 1930-ம் வருடச் சூதாட்டச் சட்டப்படி குற்றம். கணிப்பு டீ, வடையோடு நிற்கட்டும். ஜோடி வாங்க நினைக்கிறவர்களுக்கும், எந்த மாட்டை எதோடு சேர்ப்பது என்று யோசிக்கிறவர்களுக்கும் இதே கண்தான் வேண்டும்.

நோட்டீஸை வாசிப்பது

முதல் வேலை நோட்டீஸை வரி விடாமல் வாசிப்பது. மாட்டின் அளவை வைத்துப் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பெரியதிலிருந்து சின்னதாகப் பிரிவு போட்டிருப்பார்கள். சில ஊர்களில் அதற்கும் கீழே தேன்சிட்டு, தட்டான்சிட்டு இருக்கும். பிரிவின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அளவு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே எந்த உயரம், எத்தனை பல் வரை அனுமதி என்பதைக் கமிட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். "போக வர 8 மைல்" என்றால் போக 4, வர 4. மொத்தம் 12.9 கிலோமீட்டர். 6 மைல் என்றால் 9.7, 5 மைல் என்றால் 8. போன வாரம் 5 மைலில் முதலாக வந்த ஜோடியை இந்த வாரம் 8 மைலுக்கும் அப்படியே நம்புவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. கூடுதல் 3 மைல் ஓட வேறு மூச்சு வேண்டும். ஒரு பிரிவு மேலே ஏறி முதல் தடவை ஓடுகிற ஜோடிக்கும் இதே எச்சரிக்கை: சின்ன வண்டியில் காட்டிய வேகம் பெரிய மாடுகளின் நடுவே அப்படியே வராது.

ஒவ்வொரு ஜோடியின் கடைசி மூன்று ஓட்டத்தையும் விசாரியுங்கள். "ஜெயிச்சுதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை வண்டி ஓடியது, எவ்வளவு தூரம், முன்னால் வந்த வண்டிக்கும் இதற்கும் இடைவெளி எவ்வளவு, அதே சாரதியா, அதே இரண்டு மாடா? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. ஒரு மாடு நொண்டியது, விலைக்குப் போனது என்று வேறு மாட்டைச் சேர்த்திருப்பார்கள். உரிமையாளர் பெயர் அதே பெயராக இருக்கும், ஆனால் ஜோடி புதுசு. சேர்ந்து நாலைந்து தடவையாவது ஓடாத ஜோடியை முதல் இடத்துக்கு எழுதாதீர்கள்.

வண்டிகள் நிறைய வந்தால் இரண்டு பிரிவாகப் பிரித்து விடுவார்கள். நல்ல ஜோடிகள் மூன்றும் ஒரே பிரிவில் விழுந்துவிட்டால் அடுத்த பிரிவில் சுமாரான ஜோடி கூட முந்தும். ஆகவே சீட்டுக் குலுக்கிய பிறகுதான் கடைசி முடிவு. வரிசையையும் பாருங்கள். 7 மீட்டர் ரோட்டில் மூன்று வண்டி பக்கம் பக்கமாக ஓடுவதே இறுக்கம். பின்வரிசையில் மாட்டிய வேகமான ஜோடி முதல் ஒரு மைல் தூசியும் தடையும் தின்றுகொண்டு போகும்.

திரும்பும் எல்லையை முதலில் தொடும் வண்டிக்குத் தனிப்பரிசு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் சில சாரதிகள் அதற்காகவே போகும்போது மாட்டை விரட்டிவிடுவார்கள். அந்த வண்டி வரும்போது தளரும்.

காற்றும் ரோடும்

இதை இந்தக் கரைக்காரர்களைவிட நன்றாக யாரும் கணிக்க முடியாது, ஆனால் பந்தயத்தன்று மறந்துவிடுகிறார்கள். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வழியாக வேம்பார் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை மேற்கும் தென்மேற்குமாகப் போகிறது. ஆனி, ஆடியில் சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது வேம்பார்ப் பக்கம் ஓடினால் காற்று முகத்தில். திரும்பும்போது முதுகில். மார்கழி, தையில் வாடை வீசினால் இது தலைகீழ். தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் போகும் ரோடு வடக்கே ஏறுகிறது, அங்கே வாடைக்காற்று போகும்போதே எதிர்க்கும்.

ஏன் இது முக்கியம்? திரும்பி வரும்போது எதிர்காற்று என்றால், முன்னால் தனியாக ஓடும் வண்டிதான் முழுக் காற்றையும் வாங்குகிறது. அதன் பின்னால் ஒதுங்கி வரும் வண்டி சேமித்த மூச்சைக் கடைசி அரை மைலில் செலவழிக்கும். அந்த மாதிரி நாளில் பின்னாலிருந்து ஏறி வந்து பழகிய ஜோடிக்கு ஒரு படி கூடுதல் கொடுங்கள். திரும்பும்போது காற்று முதுகில் என்றால், முன்னால் போனதைப் பிடிப்பது கஷ்டம். வேகமாகக் கிளம்பும் ஜோடியை எடுங்கள். காலை 6 மணிக்கு அசையாத பனையோலை 9 மணிக்குச் சலசலக்கும். பெரிய மாடு ஓடும்போது இருக்கும் காற்று பூஞ்சிட்டு ஓடும்போது இருக்காது, வெயிலும் அப்படித்தான்.

முடிந்தால் முதல் நாள் மாலை முழுப் பாதையையும் சைக்கிளிலோ பைக்கிலோ மெதுவாகப் போய்ப் பாருங்கள். கடலை ஒட்டிய வளைவுகளில் தார் மேல் மணல் ஏறியிருக்கும். லாடம் அடித்த குளம்பு மணல் தூவிய தாரில் வழுக்கும். வேகத்தடை எத்தனை, பாலத்தின் ஏற்றம் எங்கே, திரும்பும் இடத்தில் ரோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிழலில் நிற்கும் மாட்டைப் பார்ப்பது

பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் மாடுகள் வேப்பமரத்தடியிலோ கருவேல நிழலிலோ கட்டிக் கிடக்கும். மாட்டைத் தொடாதீர்கள், பின்னால் நிற்காதீர்கள். ஆறடி தள்ளி நின்று பார்த்தாலே போதும்.

மூக்கில் தொடங்குங்கள். மூக்கு நுனியில் பொடிப்பொடியாக ஈரம் பூத்திருக்க வேண்டும். காய்ந்து வெடித்த மூக்கு காய்ச்சலுக்கு அறிகுறி. வாயிலிருந்து நுரை நூலாகத் தொங்கினால் வெயிலில் ஏற்கனவே தவித்திருக்கிறது. விலா ஏறி இறங்குவதை 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிழலில் சும்மா நிற்கும் மாட்டுக்கு நிமிடத்துக்கு 20 முதல் 40-க்குள் இருந்தால் நல்லது. 60-ஐத் தாண்டினால் உடம்பு சூட்டைத் தள்ள முடியாமல் திணறுகிறது. எத்தனை பெரிய பேர் வாங்கிய மாடாக இருந்தாலும் அன்றைக்கு அதைக் கணிப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

பிறகு இடது பக்க விலாவுக்குப் பின்னால், இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் பள்ளம். மாட்டின் பெரிய வயிறு இடப்பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பள்ளம் லேசாகக் குழிந்திருந்தால் சரி. மேளம் மாதிரி உப்பியிருந்தால் விடியற்காலையில் பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ அளவுக்கு மேல் போட்டிருக்கிறார்கள், அல்லது வயிறு உப்புசம். நிறைந்த வயிறு மூச்சுப்பையை நெருக்கும். ரொம்பவும் ஒட்டிக் குழிந்து கிடந்தால் லாரிப் பயணத்தில் தீனி எடுக்கவில்லை. தேனி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த மாடு ராத்திரியே வந்து இறங்கியதா, விடியற்காலையில்தானா என்று கேட்டால் இதற்கு விடை கிடைக்கும். சாணி தண்ணீராகப் போயிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

வயது பல்லில் இருக்கிறது. பால் பல்லில் இருக்கும் மாட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள். கீழ்த்தாடையில் முதல் ஜோடி நிலைப்பல் இரண்டு இரண்டரை வயதில் வரும், எட்டும் சேர்ந்து கடை சேர 4 முதல் 5 வயது ஆகும். நாலு பல் மாடு துள்ளும், ஆனால் நீண்ட தூரத்தில் எலும்பும் தசைநாரும் முழுசாக உறைந்திருக்காது. பெரிய மாட்டுப் பந்தயத்துக்குக் கடை சேர்ந்த, நன்றாகப் பழகிய மாடுதான் நம்பிக்கை. கடை சேர்ந்து பல வருடமாகிப் பல் தேய்ந்து குட்டையான மாடு அனுபவத்தில் சமாளிக்கும், வெயில் ஏறினால் முதலில் தளர்வதும் அதுவே.

குளம்புக்கு நேரம் கொடுங்கள். மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, ஒரு காலுக்கு இரண்டு லாடம், நாலு காலுக்கும் அடித்தால் 8. ஆணித் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லாடம் தளர்கிறது. பந்தயத்துக்கு முதல் நாள் புது லாடம் அடித்த மாட்டைச் சந்தேகியுங்கள், ஆணி கொஞ்சம் உள்ளே ஏறியிருந்தாலும் வலி மறுநாள்தான் தெரியும். நாலைந்து நாள் முன்னால் அடித்து நடந்து பழகியிருந்தால் நல்லது.

இந்தக் கரையில் கிடைக்கும் ஒரு வசதி, மணல். தண்ணீர் காட்டப் பிடித்துப் போகும்போது ஈர மணலில் விழும் தடத்தைப் பாருங்கள். சீராக நடக்கும் மாட்டின் பின்குளம்பு, முன்குளம்பு பதிந்த தடத்திலேயே அல்லது அதை ஒட்டியே விழும். பின்தடம் ஒரு சாண் பின்னால் விழுந்தால் இடுப்போ பின்காலோ இறுகியிருக்கிறது. நாலு தடத்தில் ஒன்று மட்டும் ஆழம் குறைவாக இருந்தால் அந்தக் காலைத் தாங்கி வைக்கிறது. ஆளிடம் கேட்டால் "ஒன்னுமில்லண்ணே, நல்லா இருக்கு" என்பார். மணல் அப்படிச் சொல்லாது.

இனம் பற்றி நிறையப் பேசுவார்கள். காங்கேயம் இழுவைக்கு உரம், ஹள்ளிக்கார் கால் வேகம், புலிக்குளம் உறுதி. பொதுவாகச் சரிதான். ஆனால் இனத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், ஒரே இனத்துக்குள் மாட்டுக்கு மாடு உள்ள வித்தியாசம் பெரியது.

நுகத்தடி சொல்லும் உண்மை

இதுவரை பார்த்தது மாடு. வண்டியில் பூட்டும்போதுதான் ஜோடியைப் பார்க்கிறீர்கள், இந்தப் பத்து நிமிடத்துக்குக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டாவது முன்னால் வந்துவிடுங்கள்.

இடப்பக்கம் பூட்டும் இடத்தனும் வலப்பக்கம் பூட்டும் வலத்தனும் ஒரே உயரமா? கழுத்தில் வைத்த நுகத்தடி இரண்டு விரல் அளவுக்கு மேல் சாய்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், கழுத்து உரசும். கழுத்தில் நுகம் உட்காரும் இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருப்பது பழக்கத்தின் அடையாளம். ஈரமான புண், மஞ்சள் பூசி மறைத்த இடம் தெரிந்தால் அந்த மாடு எதிர்த்து இழுக்கப் பயப்படும். பூட்டும்போதே தலையைத் திருப்பி ஒதுங்குகிறதா, தானாக வந்து நிற்கிறதா என்பதும் இதைத்தான் காட்டும்.

வண்டியை 50 அடி நடத்தும்போது மேலேயிருந்து பார்க்கிற மாதிரி கற்பனை செய்து நுகத்தடியைப் பாருங்கள். இரண்டு மாட்டுக்கும் நடுவே நீளும் வண்டியின் ஏர்க்காலுக்குச் செங்குத்தாகவே நின்றால் இரண்டும் சமமாக இழுக்கின்றன. ஒரு முனை எப்போதும் ஒரு சாண் முன்னால் போய்க்கொண்டிருந்தால், முன்னால் இருக்கும் மாடு இரண்டு பேர் வேலையைச் செய்கிறது. முதல் இரண்டு மைலில் இது தெரியாது, அந்த மாட்டின் உற்சாகம் மறைத்துவிடும். ஆறாவது மைலில் அது நின்றுவிட்டால் மற்றதால் இழுக்க முடியாது. ஊரே கைதட்டிய ஜோடி கடைசியில் நாலாவதாக வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

திரும்பும் இடத்துக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு மாட்டுக்கும் நடுவே 4 அடி இடைவெளி என்றால், அரைவட்டம் திரும்பும்போது வெளிப்பக்க மாடு உள்பக்க மாட்டைவிட 12 அடிக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். வலப்பக்கமாகத் திரும்பும் பந்தயம் என்றால் இடத்தன் கால் வேகமுள்ளதாக இருக்க வேண்டும், வலத்தன் நின்று திரும்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் திருப்புகிறார்கள் என்று கமிட்டியிடம் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற மாடு வெளிப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பத்தில் இழந்த பத்து விநாடியை மீட்க அரை மைல் ஓட வேண்டியிருக்கும்.

வண்டியையும் விடாதீர்கள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள், அப்போது பக்கவாட்டில் ஆடாமல் சுற்ற வேண்டும். கடையாணி, பூட்டாங்கயிறு, அச்சில் மசகு, மூன்றும் சரியா என்று ஒரு பார்வை. பழைய கயிறு நடுவழியில் அறுந்து தோற்ற நல்ல ஜோடிகள் ஏராளம்.

சாரதியின் கை

தலைக்கயிறு லேசாகத் தளர்ந்திருக்க, குரலிலேயே மாட்டை நிறுத்துகிற சாரதி நல்லவர். புறப்படும் முன்னே சாட்டையை ஓங்கிக்கொண்டு நிற்பவரிடம் கடைசி மைலில் கொடுக்க ஒன்றும் இருக்காது. துணைச்சாரதி இறங்கி ஓடி, மறுபடியும் தாவி ஏற வேண்டியவர், அவர் காலும் மூச்சும் முக்கியம். இரண்டு பேரின் எடையும் சேர்ந்து 140 கிலோவா 110 கிலோவா என்பது பூஞ்சிட்டுக்குப் பெரிய வித்தியாசம், பெரிய மாட்டுக்கு அவ்வளவு இல்லை.

நுனியில் ஆணி வைத்த தார்க்குச்சியால் குத்தி ஓட்டிப் பழகிய ஜோடி உண்டா என்றும் கேளுங்கள். காளைகளை ஜல்லிக்கட்டிலும் வண்டிப் பந்தயத்திலும் பயன்படுத்த 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, அது செல்லும் என்று 2023-ல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இவ்வளவு போராடிக் கிடைத்ததைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று இப்போது நல்ல கமிட்டிகள் குச்சியையும் ஆணியையும் கண்டாலே வண்டியை நீக்கிவிடுகின்றன. அது சரியான முடிவு. குத்தி ஓட்டிப் பழகிய மாடு குச்சி இல்லாத நாளில் ஓடாது, அதனால் கணிப்பிலும் அது கீழேதான்.

தள்ளிக்கொண்டே வருவது

நல்லதைத் தேடாதீர்கள், கெட்டதைத் தள்ளுங்கள். ஒரு தாளில் எல்லா வண்டி எண்ணையும் எழுதி, மூச்சு, குளம்பு, வயிறு, நுகம், தூரம், புது ஜோடி என்று ஒவ்வொன்றிலும் அடிபட்டதைக் கோடு போடுங்கள். 15 வண்டியில் பெரும்பாலும் நாலு, ஐந்து மிஞ்சும். அதற்குள் காற்று, திருப்பம், வரிசை மூன்றையும் வைத்து ஒன்றை எடுங்கள். மிஞ்சிய நாலும் சமம் என்று தோன்றினால் உங்கள் ஒற்றைக் கணிப்பு நாலில் ஒரு தடவைதான் பலிக்கும். "முதல் மூன்றுக்குள் வரும்" என்று சொல்வது அதைவிட நேர்மையான கணிப்பு.

வெள்ளோட்டத்தில் மயங்காதீர்கள். கூட்டத்துக்குக் காட்ட ஒரு மைல் விரட்டிய ஜோடி, பந்தயத்தை ஒரு மைல் பின்னாலிருந்து தொடங்குகிற மாதிரி. கூடவே விரையும் பைக்குகளின் ஹார்ன் சத்தத்துக்கு மிரளும் மாடும் உண்டு. பட்டாசு வெடிக்கும்போது காது முன்னால் நிமிர்ந்து உடனே தளர்ந்தால் பரவாயில்லை. கண்ணின் வெள்ளை தெரிய, உடம்பு நடுங்கினால் தாளில் அதன் எண்ணை அடித்துவிடுங்கள்.

அதே நாளில் குதிரை வண்டியும் ஓடினால் முறை கொஞ்சம் மாறும். பெரும்பாலும் ஒற்றைக் குதிரை, ஆகவே நுகத்தடிக் கணக்கு இல்லை. ஒரு காலுக்கு ஒரு லாடம். ஓய்வில் குதிரையின் மூச்சு நிமிடத்துக்கு 8 முதல் 16, நாடி 28 முதல் 44. மாட்டைவிட நன்றாக வியர்க்கும், வெயில் நாளில் கழுத்தும் விலாவும் சீராக நனைந்திருப்பது நல்லது. வெயிலில் ஓட்டிய பிறகும் தோல் காய்ந்தே கிடந்தால் ஆபத்து. வெள்ளோட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் மூச்சு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதுதான் குதிரையில் மிக நம்பகமான அடையாளம்.

பந்தயம் முடிந்ததும் தாளைக் கிழிக்காதீர்கள். திரும்பும் எல்லையில் ஒரு நண்பரை நிறுத்தி ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தைப் போனில் குறிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முடியும் எல்லையில் நில்லுங்கள். போக எடுத்த நேரத்தைவிட வர எடுத்தது எவ்வளவு கூடுதல் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் கூடியிருந்தால் அந்த ஜோடிக்கு இன்னும் தூரம் தாங்கும், இன்று மூன்றாவதாக வந்திருந்தாலும் அடுத்த 8 மைல் பந்தயத்தில் அதன் பெயரை மேலே எழுதுங்கள். பத்தில் மூன்று பங்கு கூடியது முதலாக வந்திருந்தாலும் 5 மைலுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். பக்கத்தில் காற்றின் திசையையும் திருப்பிய பக்கத்தையும் சாரதியின் பெயரையும் எழுதி வையுங்கள்.